வாணவேடிக்கை பார்க்க எந்த இடம்? – ஒரு துறைமுகத்தின் கதை

நம்ம ஆவுடையார்கோவில் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும், "எங்க வீட்டு ஆளு ஒண்ணு சிங்கப்பூர்ல இருக்கு" என்று சொல்ல ஒரு வீடாவது இருக்கும். அறந்தாங்கி, மணமேல்குடி, மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். சனவரி 1 காலையில் இந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு வீடியோ வந்து சேரும். மரினா பே மேல் வானம் முழுக்கத் தீப்பூக்கள். கீழே ஆயிரக்கணக்கில் தலைகள். அந்தத் தலைகளுக்குப் பின்னால், கண்ணாடிச் சுவருக்கு உள்ளே, வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் சிலர் சாப்பிட்டுக்கொண்டே அதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

துறைமுக நகரங்களில் பண்டிகை இரவில் வாணவேடிக்கை தெரியும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது இப்போது ஒரு தனி வியாபாரம். அந்த ஒரு இரவுக்கு மட்டும் தனி மெனு, தனி விலை. ஜன்னலோர மேசை என்றால் அதற்கு மேலே இன்னொரு விலை. வெளியே நின்று பார்த்தால் இலவசம்.

சரி, இதில் என்ன வரலாறு இருக்கிறது என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. வெடி யார் கையில் இருந்தது, அது எப்போது கையை விட்டு வானத்துக்குப் போனது, போன பிறகு அதைப் பார்க்கும் இடத்துக்கு எப்படி விலை வந்தது... இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் கதையோடு நம்ம பக்கத்து ஆட்களின் கதையும் சேர்ந்தே வருகிறது.

வேடிக்கை என்றால் பார்ப்பது

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'வாணம்' என்பது அம்பைக் குறிக்கும் 'பாணம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சீறிக்கொண்டு போவதால் அந்தப் பெயர். 'வேடிக்கை' என்றால் உங்களுக்கே தெரியும். நாம் ஒன்றும் செய்யாமல் நின்று பார்ப்பது. தீபாவளிக்கு நாம் கொளுத்துவதை 'வெடி போடுறது' என்போம், வாணவேடிக்கை என்று சொல்ல மாட்டோம். அதுவே கோயில் திருவிழாவில் வாணக்காரர் வந்து பொட்டலில் விட்டால் வாணவேடிக்கை. ஒன்று கையால் செய்வது, மற்றது கண்ணால் பார்ப்பது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்கத் தேவைப்படும்.

வெடிமருந்து சீனாவில் பிறந்தது. தென்னிந்தியாவில் வாணவேடிக்கை பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று, 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் எழுதியது. மகாநவமி விழாவில் வாணவேடிக்கை நடந்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயஸும் அதே விழாவின் வாணங்களைப் பற்றிச் சொல்கிறார். புனேயில் இருந்த அறிஞர் பி.கே. கோடே இப்படிப்பட்ட குறிப்புகளைத் தேடித் தேடித் திரட்டி, 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கை வரலாற்றையே எழுதினார்.

ஹம்பிக்குப் போனவர்கள் மகாநவமி திப்பா என்ற பெரிய கல்மேடையைப் பார்த்திருப்பீர்கள். ராஜா உயரமான இடத்தில், சுற்றிலும் தகுதி வாரியாக மற்றவர்கள். ஆக, வாணவேடிக்கை நம் நாட்டுக் குறிப்புகளில் தலைகாட்டும்போதே 'யாருக்கு எந்த இடம்' என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. ஆனால் அங்கே இடம் கிடைத்தது பதவியால். காசு கொடுத்து வாங்கும் வழக்கம் வேறு ஊரில் பிறந்தது.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் போட்ட காசு

ஜப்பானில் எடோ என்று ஒரு நகரம். அதுதான் பின்னாளில் டோக்கியோ ஆனது. அங்கே சுமிதா ஆற்றங்கரையில் கோடைகாலத்தில் வாணவேடிக்கை நடக்கும். 1732-ல் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தில் இறந்தவர்களுக்காக 1733-ல் இது தொடங்கியது என்று மரபாகச் சொல்வார்கள். நம்ம கட்டுரைக்கு முக்கியமான விஷயம் அதுவல்ல. ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் உல்லாசப் படகு வைத்திருந்தவர்களும்தான் இந்த வாணங்களுக்குக் காசு போட்டார்கள். ஏன்? வாணம் மேலே போனால் கடையில் கூட்டம், படகில் கூட்டம், சாக்கே விற்பனை. வசதி உள்ளவன் படகில் உட்கார்ந்து தின்றுகொண்டே பார்ப்பான். இல்லாதவன் பாலத்தில் நின்று பார்ப்பான். ரியோகோகு பாலத்தில் ஜனம் நெருக்கியடித்து நிற்கும் ஓவியங்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

லண்டனில் வாக்ஸ்ஹால் தோட்டம் என்று ஒன்று இருந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் பாட்டு, விளக்கு, சாப்பிடத் தனித்தனி அறைகள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வாணவேடிக்கையும் சேர்ந்துகொண்டது. அங்கே பரிமாறிய பன்றி இறைச்சித் துண்டு எவ்வளவு மெல்லிசு என்பது அந்த ஊரில் நிரந்தர நகைச்சுவை. துண்டை எடுத்துப் பிடித்து அதன் வழியாகவே பத்திரிகை படிக்கலாம் என்று கிண்டல் செய்வார்களாம். வேடிக்கை காட்டும் இடத்தில் சாப்பாட்டின் விலை அதிகம், அளவு குறைவு என்ற உலக நியதி அப்போதே வந்துவிட்டது :) 1859-ல் அந்தத் தோட்டம் மூடப்பட்டது.

இப்போது நம்ம ஆட்கள் போன துறைமுகத்துக்கு வருவோம்.

மூட்டை இறங்கிய படித்துறை

1819-ல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்த ஆண்டிலேயே பினாங்கிலிருந்து நாராயண பிள்ளை வந்து சேர்ந்தார். 1827-ல் அவர் முயற்சியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் எழுந்தது. பக்கத்திலேயே ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா கட்டினார்கள். அன்று தெலுக் ஆயர் தெருதான் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியதும் 'நல்லபடியா வந்து சேர்ந்தோம்' என்று நன்றி சொல்லும் இடம் அது. பிறகு கடலைத் தூர்த்துக்கொண்டே போனதில், இன்று அந்தத் தெருவில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது.

பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. நடுக்கடலில் நிற்கும். சரக்கை இறக்கிச் சிங்கப்பூர் ஆற்றுக்குள் கொண்டுவர அடிப்பகுதி தட்டையான பெரிய படகுகள் வேண்டும். நம்மவர்கள் அதைத் 'தொங்கான்' என்பார்கள். முதல் சில பத்தாண்டுகள் அந்தத் தொங்கான் வேலையில் முன்னால் நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். அங்கே 'சூலியா' என்று அவர்களுக்குப் பெயர். பிறகு அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. படகுத்துறைக்குக் கொஞ்சம் உள்ளே, மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், நகரத்தார் கிட்டங்கிகள். அதாவது நம்ம பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளுக்குக் காசு வந்த வழியும் அந்த ஆற்றங்கரைதான்.

1933-ல் கிளிபர்ட் பியர் என்ற படகுத்துறை திறக்கப்பட்டது. கப்பலிலிருந்து சிறு படகில் ஏறி வந்து ஊருக்குள் கால் வைத்தவர்கள் எத்தனையோ பேர் அந்தத் துறை வழியாக நடந்திருக்கிறார்கள். அதன் அருகில் 1928-ல் எழுந்த புல்லர்ட்டன் கட்டடத்தில் தலைமைத் தபால் நிலையம். ஊருக்குக் கடிதம் போட வேண்டுமானால் அங்கேதான். நாகப்பட்டினத்திலிருந்து போன ரஜூலா கப்பல் பற்றி நம்ம தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்த வழியில் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்கள்தான் அதிகம். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமே முடிந்துபோனது.

இவர்கள் சாப்பிட்டது எங்கே? சிராங்கூன் ரோட்டில் 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் போன்ற கடைகளில். வாழை இலை, சாம்பார், ரசம், மோர். கடலோரச் சாப்பாடு வேண்டுமென்றால் எஸ்பிளனேடு பக்கத்தில் 'சாத்தே கிளப்' என்று திறந்தவெளிக் கடைகள் இருந்தன. குட்டை முக்காலி, கடற்காற்று, கரி அடுப்பில் சுட்ட சாத்தே. கையில் கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும், துறைமுகக் காற்றோடு சாப்பிடலாம். அதை 1995-ல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில்தான் 2002-ல் எஸ்பிளனேடு கலையரங்கம் திறக்கப்பட்டது.

கையிலிருந்த வெடி

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் பண்டிகை என்றால் வெடி. சீனப் புத்தாண்டுக்கு மாடியிலிருந்து தெருவரை சரவெடி தொங்கும். தீபாவளிக்கு நம்மவர்களும் வெடிப்பார்கள். பணக்காரன் நீளமான சரம், ஏழை ஒரு பொட்டலம். ஆனால் கொளுத்துவது அவரவர் கைதான்.

1970 சீனப் புத்தாண்டில் வெடியால் 6 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள், சொத்துச் சேதமும் பெரிது. அடுத்த மாதமே அரசு நேரத்துக்கும் இடத்துக்கும் கட்டுப்பாடு போட்டது. 1972 பிப்ரவரியில், வெடி வெடித்தவர்களைத் தடுக்கப் போன இரண்டு காவலர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அரசு பொறுத்தது போதும் என்று முடிவெடுத்தது. 1972 ஆகஸ்டு 1 முதல் முழுத் தடை.

வெடி இல்லாத புத்தாண்டு உப்பில்லாத சோறு மாதிரி ஆகிவிடும் என்ற குறை எழுந்தது. அதற்கு மாற்றாக 1973-ல் 'சிங்கே' என்ற ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். கவனியுங்கள், மக்கள் செய்துகொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டு, மக்கள் பார்க்க வேண்டிய ஒன்றைக் கொடுத்தார்கள். வெடி போய் வேடிக்கை வந்தது.

ஹாங்காங்கிலும் இதே கதைதான். 1967 கலவரத்தின்போது அங்கே வெடிக்குத் தடை வந்தது. 1982-ல் சீனப் புத்தாண்டுக்கு விக்டோரியா துறைமுகத்தின் மேல் ஒரு பெரிய கம்பெனியின் செலவில் வாணவேடிக்கை ஆரம்பித்தது. இரண்டு துறைமுகங்கள், இரண்டு வேறு காரணங்கள், கடைசியில் ஒரே முடிவு. தெருவில் தீ கூடாது, வானத்தில் இருக்கலாம்.

நம்மவர்களின் தீபாவளி என்ன ஆனது? சிங்கப்பூரில் அது கம்பி மத்தாப்போடு நிற்கும் பண்டிகையாகிவிட்டது. தெரு அலங்காரம் பிரமாதமாக இருக்கும், சத்தம் இருக்காது. 2018 தீபாவளி நேரத்தில் லிட்டில் இந்தியாவில் வாணம் கொளுத்தியதற்காக வழக்கே நடந்தது. ஆச்சரியம் என்னவென்றால், தீபாவளிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு அதே மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கிறது. 1840-லிருந்து நடந்து வருவதாகச் சொல்கிறார்கள். கையில் தீ கூடாது, ஆனால் காலடியில் இருக்கலாம்!

தடை தப்பா என்று கேட்டால், தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. வெடியின் இன்னொரு முனை நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசி ஒரு தொழில் நகரமான கதை அங்கேதான் தொடங்குகிறது, பட்டாசு பின்னால் சேர்ந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் மறக்க முடியாது. அதற்குப் பிறகும் விபத்துச் செய்திகள் நின்றபாடில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் 1970-ல் நின்ற இடத்துக்கு நாம் ஏறத்தாழ 50 ஆண்டு கழித்து வந்திருக்கிறோம்.

எனவே தீ கையை விட்டுப் போனதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. அது வானத்துக்குப் போன பிறகு தரையில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

படித்துறை மேசையான விதம்

1977-ல் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யும் பெரிய வேலை தொடங்கி 10 ஆண்டு நடந்தது. 1983-ல் தொங்கான்களையெல்லாம் ஆற்றிலிருந்து வெளியேற்றிப் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பினார்கள். நாற்றமெடுத்த ஆறு சுத்தமானது, மறுக்க முடியாத சாதனை. மூட்டை ஏறி இறங்கிய போட் கீ கட்டடங்களைப் பழுதுபார்த்தார்கள். 1990-களில் அங்கே வரிசையாக உணவகங்களும் மதுக்கடைகளும் வந்தன.

தலைமைத் தபால் நிலையம் 2001-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஆனது. கிளிபர்ட் பியரில் படகுப் போக்குவரத்து 2006-ல் நின்றது. சில ஆண்டுகளில் அந்தத் துறை உணவகமாகி, பிறகு பக்கத்தில் 2010-ல் திறந்த ஓட்டலோடு சேர்ந்தது. சுங்க இலாகாக் கட்டடமும் உணவகங்களுக்குப் போனது. 2008-ல் மரினா அணை திறக்கப்பட்டது. கடலை வெளியே நிறுத்தி, உள்ளே இருந்த விரிகுடாவைக் குடிநீர்த் தேக்கமாக மாற்றினார்கள். அதாவது இன்று மக்கள் 'துறைமுகக் காட்சி' என்று பார்த்துக்கொண்டே சாப்பிடும் மரினா பே, உண்மையில் ஒரு நன்னீர் ஏரி! கப்பல் வராத துறைமுகம்.

வாணவேடிக்கை திரும்பி வந்ததும் இதே காலத்தில்தான். 2003-ல் சைனாடவுனில் அரசு அனுமதியோடு, பாதுகாப்போடு, சீனப் புத்தாண்டுக்குச் சரவெடி. மக்கள் கொளுத்தவில்லை, தள்ளி நின்று பார்த்தார்கள். 2004-ல் மரினா பேயில் வாணவேடிக்கைத் திருவிழா. 2005 முதல் புத்தாண்டு இரவுக் கொண்டாட்டமும் அங்கே நிலைபெற்றது. 2007-ல் தண்ணீரில் மிதக்கும் மேடை கட்டி, 27,000 பேர் உட்காரும் படிவரிசையோடு தேசிய நாள் விழாவை அங்கே நடத்தினார்கள். 2010-ல் மூன்று கோபுரங்கள் மேல் கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி மரினா பே சாண்ட்ஸ். சரியாகச் சொன்னால், விரிகுடாவைச் சுற்றி ஒரு பெரிய அரங்கமே கட்டி முடித்துவிட்டார்கள். மேலே வாணம், சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள், ஜன்னலுக்கு உள்ளே மேசைகள்.

எடோ நகரத்து ஆற்றங்கரைக் கடைக்காரன் இதைப் பார்த்தால் ஒன்றும் ஆச்சரியப்பட மாட்டான். 'நாங்க செஞ்சதுதானே' என்பான்.

பாலத்தில் நிற்பவர்கள்

இந்த அரங்கத்தைக் கட்டியவர்கள் யார்? சிங்கப்பூரின் கட்டுமான வேலையில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் போன தொழிலாளர்கள் செய்வது. புதுசாகப் போகிறவருக்கு அடிப்படைக் கூலி ஒரு நாளைக்கு 20 வெள்ளியை ஒட்டித்தான் (டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்) என்று பல ஆண்டுகளாகச் செய்திகளில் படித்திருக்கிறோம். அதிலும் ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் போக மிச்சம்தான் ஊருக்கு. ஜன்னலோர மேசையின் விலை அவர்கள் பல நாள் கூலி.

ஆனாலும் டிசம்பர் 31 இரவு அவர்கள் போகிறார்கள். மறுநாள் பொது விடுமுறை. லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு, அல்லது பொட்டலம் வாங்கிக்கொண்டு, கூட்டாளிகளோடு மரினா பே போய், பாலத்திலும் மெர்லயன் சிலைப் பக்கத்திலும் எஸ்பிளனேடு படிகளிலும் இடம் பிடித்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2005 தொடங்கிப் பல ஆண்டுகள், பொதுமக்களின் ஆசைகளை எழுதிய பெரிய வெள்ளைப் பந்துகளைத் தண்ணீரில் மிதக்கவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்த மொழியிலும் எழுதலாம். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரின் ஆசையும் பாலத்தில் நிற்பவரின் ஆசையும் ஒரே தண்ணீரில் மிதந்தன.

இந்த இலவச இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2020-ல்தான் தெரிந்தது. ஏப்ரலில் கொரோனா தொழிலாளர் விடுதிகளுக்குள் புகுந்தது. விடுதிகளில் இருந்த சுமார் 3 லட்சம் பேரை வெளியே விடாமல் அடைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, 47 சதவீதம் பேருக்கு, தொற்று வந்து போயிருந்தது என்று அரசே அறிவித்தது. மற்றவர்கள் கடைக்கும் உணவகத்துக்கும் போக ஆரம்பித்த பிறகும் விடுதியில் இருந்தவர்களுக்கு வேலை, அறை, மறுபடி வேலை என்றே நாட்கள் போயின. 2020 டிசம்பர் 31 இரவு மரினா பேயில் வாணவேடிக்கையும் இல்லை. அது திரும்பி வந்தபோது ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பியது. அவர்களுக்கோ வேடிக்கையைவிட, வாசலைத் தாண்டிப் போய் ஒரு பாலத்தில் நிற்கும் உரிமைதான் முதலில் திரும்ப வேண்டியிருந்தது.

நம்ம ஊர்க் கோயில் சொல்வது

இங்கே நம்ம ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆவுடையார்கோவிலின் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் கப்பலில் வந்திறங்கும் குதிரைகளை வாங்கப் பொன்னோடு கிளம்பிய மந்திரி திருவாதவூரர், இங்கே குருவைக் கண்டு, பொன்னையெல்லாம் கோயிலுக்குச் செலவழித்து மாணிக்கவாசகர் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். துறைமுக வியாபாரத்துக்கு வந்த காசு கோயிலான கதை. சிங்கப்பூரில் துறைமுகம் உணவகமான கதைக்கு இது நேர் எதிர்.

இன்னொன்றும் உண்டு. இங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய்தான் நைவேத்தியம். சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுவார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் சாமிக்கு. 'ஆவி' என்றால் உயிர் என்றும் பொருள், சாமியின் பெயரோ ஆத்மநாதர்! சாமி ஆவியை எடுத்துக்கொள்கிறார், சோறு அப்படியே மனிதர்களுக்கு மிச்சம்.

பெரியவர் ஆவியோடு நிறுத்திக்கொண்டு சோற்றை மற்றவர்களுக்கு விடுவது ஒரு முறை. சோறும் காட்சியும் உள்ளே, வாசனை மட்டும் வெளியே என்பது இன்னொரு முறை. உலகத்தில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். ஓட்டல் வாசலைக் கடக்கும்போது வரும் தாளிப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் வாணவேடிக்கை இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று. சமையல் வாசனையைக் கதவு போட்டு அடைக்கலாம். பாட்டுக் கச்சேரிக்குச் சுவர் கட்டலாம். 200 மீட்டர் உயரத்தில் வெடிக்கும் தீயை எந்த முதலாளியாலும் தன் வாடிக்கையாளருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடியாது. எடோவில் காசு போட்டது கடைக்காரன், பார்த்தது பாலத்தில் நின்ற ஊர் ஜனமும்தான். மரினா பேயிலும் அதே. மேசைக்கு விலை உண்டு, வானத்துக்கு இல்லை.

ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. வானத்துக்கு வேலி போட முடியாது, ஆனால் தரைக்குப் போடலாம். பாலத்தை மூடலாம், கரையைக் குத்தகைக்கு விடலாம், படிக்கட்டுக்கு டிக்கெட் வைக்கலாம். சாத்தே கிளப் போன மாதிரி ஒவ்வொன்றாகப் போனால், ஒரு நாள் நிற்க இடமே இருக்காது. மக்கள் கையிலிருந்த வெடியை 'உங்க நல்லதுக்குத்தான்' என்று வாங்கிக்கொண்ட எந்த நகரமும், பதிலுக்குக் கொடுத்த வேடிக்கையைப் பார்க்கக் காசில்லாதவனுக்கும் நல்ல இடம் ஒன்றை விட்டுவைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அது தருமம் இல்லை, கொடுக்கல் வாங்கல்.

சென்னை மெரினாவுக்கும் இது பொருந்தும், நாளைக்கு நம்ம ஊர்த் திருவிழாப் பொட்டலுக்கும் பொருந்தும். நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டது, இனி வெடி கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போகும். போகட்டும். பொட்டலை மட்டும் விட்டுவிடக் கூடாது.